ஓடைவாயும் கழிவாயும்

மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டுப் பக்கம், கழி கடலோடு சேரும் முகத்தில், பொழுது சாயும் நேரத்தில் நின்றிருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரிகளின் உபரிநீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் தேநீர் நிறத்தில் நன்னீர், மறுபக்கம் பச்சையாகக் கடல்நீர். இரண்டுக்கும் நடுவே நுரையும் கோரைச் சருகும் மிதக்க, கயிறு பிடித்துப் போட்டதுபோல ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு உட்பக்கம் முழங்கால் தண்ணீரில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். கையில் கம்பு கிடையாது. பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தடித்த நரம்பு, முனையில் ஒரு முள், முள்ளில் உயிரோடு துடிக்கும் விரல் நீள மடவைக் குஞ்சு. அவ்வளவுதான் அவருடைய ஆயுதம்.

நீர் வேகமாக ஓடும் நடுவாக்கில் அவர் தூண்டிலை வீசவில்லை. வெள்ளம் மணல்திட்டில் மோதி வேகம் தணிந்து சுழலும் மூலையைப் பார்த்துப் போட்டார். ஏன் என்று கேட்டேன். “ஓட்டத்துல நின்னா மீனுக்கு மூச்சு வாங்கும் தம்பி. உள்ளாற போனா சின்னதுதான் இருக்கும். வாசப்படியில நிக்கிறதுதான் பெருசு. உள்ள இருந்து வர்றத வாங்கித் தின்னுக்கினு நிக்கும்” என்றார்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நீருக்குள்ளிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம், இறுகிய மூடியைத் திறந்தாற்போல. கொடுவா இரையைக் கடித்து இழுப்பதில்லை. வாயைச் சட்டென்று விரித்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அந்த உறிஞ்சலின் ஓசைதான் அது. நரம்பு விரலை அறுக்காமலிருக்க சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையங்களைப் பெரியவர் விரல்களில் மாட்டியிருந்தார். விட்டு விட்டு இழுத்தார். மீன் இரண்டு முறை நீருக்கு மேலே எகிறித் தலையை உதறியது. கரைக்கு வந்ததும் யாரோ காட்டிய டார்ச் வெளிச்சத்தில் அதன் கண் செம்புக்காசு மாதிரி எரிந்தது. ஆறு கிலோவுக்குக் குறையாது. செவுளுக்குள் கை விடாமல் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கினார். செவுள் மூடியின் ஓரம் பிளேடு போல வெட்டும். பழகாதவர்கள் முதல் மீனிலேயே ரத்தம் பார்ப்பார்கள்.

‘வாசப்படியில் நிற்பதுதான் பெரியது.’ இதே பொருள் கொண்ட பேச்சை அதற்கு முந்தைய தை மாதத்தில், கடலிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே, நீலகிரியின் அவலாஞ்சியில் கேட்டிருந்தேன். மீன்பண்ணையில் நீண்ட காலம் வேலை பார்த்த ஒருவர் கம்பளிக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, நீர்த்தேக்கத்தின் கோடியில் ஓர் ஓடை வந்து விழும் இடத்தைக் காட்டினார். “பனிக்காலத்துல டேமுல எங்க தேடினாலும் கிடைக்காதுங்க. பெருசெல்லாம் அந்த ஓடை வாய்க்கு வந்து நின்னுடும்.” அவர் சொன்னது டிரவுட்டைப் பற்றி.

மலையேறிய சீமை மீன் ஒன்று, நம் கழியில் பிறந்து வளரும் மீன் ஒன்று. இரண்டையும் அறிந்த இரண்டு பேரும் தங்களுக்குள் கலந்து பேசியவர்களல்லர். ஆனாலும் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அன்றிலிருந்து இந்த இரண்டு மீன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

குளிரிலிருந்து தொடங்குகிறேன். வானவில் டிரவுட்டுக்கு உகந்த நீர் 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரை. 20ஐத் தாண்டினால் அதற்கு இரை இறங்காது. 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. நம் கடற்கரைக்கு வாருங்கள். மார்கழியிலும் தையிலும் மாமல்லபுரத்துக் கடல்நீர் 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆக, டிரவுட் சாகத் தொடங்கும் சூடுதான் நம் கடலின் உச்சக் குளிர். ஒன்றின் கோடை முடியும் இடத்தில் மற்றதன் குளிர்காலம் ஆரம்பிக்கிறது. தெர்மாமீட்டரில் இரண்டும் ஒரே கோட்டில் முதுகு ஒட்டி நிற்கின்றன.

அப்படியிருக்க இரண்டுக்கும் ‘குளிர்காலம்’ என்ற ஒரே சொல்லை வைப்பது சரியா? சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சொல் இரண்டு இடத்திலும் வேறு வேலை செய்கிறது. மலையில் குளிர் என்றால் வெப்பம் இறங்குவது. கோடையில் நீர்த்தேக்கத்தின் மேல்மட்டம் சூடாகும்போது டிரவுட் ஆழத்துக்குப் போய்விடும், கரையில் நிற்பவன் கைக்கு எட்டாது. டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி கொட்டும்போது மேல்நீரும் அதற்குப் பிடித்த குளிர்ச்சிக்கு வந்துவிடுகிறது. ஆழத்துக்குப் போன பெரிய மீன்கள் கரையோரத்துக்கு ஏறி வருகின்றன. கடற்கரையில் குளிர் என்றால் மழை வந்து போனது. நீரின் சூட்டைவிட நீரின் உப்புதான் இங்கே மாறுகிறது. வடகிழக்குப் பருவமழை உள்நாட்டு ஏரிகளை நிரப்பி, கலங்கல் வழியாகக் கால்வாய்களுக்குள் கொட்டி, கழிகளைக் கழுவிக் கடலுக்குள் தள்ளுகிறது. மீன் அந்த நீரோட்டத்தின் வாசனையைப் பிடித்து முகத்துக்கு வருகிறது. அங்கே பனி அழைக்கிறது, இங்கே வெள்ளம் அழைக்கிறது.

நம் கடலில் ஓதம் பெரிதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வங்காளத்திலும் குஜராத்திலும் கடல் பல மீட்டர் ஏறி இறங்கும். சென்னை, மாமல்லபுரக் கரையில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் கழிமுகத்தில் நீரை நகர்த்தும் பெரிய கை கடலுடையது அல்ல, மழையுடையது. மதுராந்தகம் ஏரி நிரம்பி வழியும் ஆண்டுக்கும் வழியாத ஆண்டுக்கும் கழிமுகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். இரை மீன், இறால், நீரின் நிறம் எல்லாமே மாறிவிடும். செங்கல்பட்டு மாவட்டத்தை நாம் ஏரி மாவட்டம் என்றும் கடற்கரை மாவட்டம் என்றும் தனித்தனியாகப் பேசுகிறோம். கொடுவாவைக் கேட்டால் இரண்டும் ஒரே வீட்டின் கொல்லையும் வாசலும் என்று சொல்லும்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுதான். டிரவுட்டும் கொடுவாவும் ஒரே நீரில் முழு வாழ்வையும் வாழ்ந்து முடிப்பவை அல்ல. பெரிதாக வளர்வதற்கு ஒரு நீர், குஞ்சு பொரிப்பதற்கு ஒரு நீர். டிரவுட் ஏரியிலோ நீர்த்தேக்கத்திலோ கொழுக்கும். ஓடையிலேயே தங்கிவிட்ட டிரவுட் கால் கிலோ, அரைக் கிலோவோடு நின்றுவிடுவது வழக்கம். ஓடையில் இரை குறைவு, ஓட்டத்தை எதிர்த்து நிற்பதிலேயே உடம்பு கரையும். ஏரிக்கு இறங்கியதுதான் இரண்டு மூன்று கிலோவுக்குப் போகும். ஆனால் முட்டையிட ஏரி உதவாது. கூழாங்கல் படுகையும் ஓடும் நீரும் வேண்டும். பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கூழாங்கற்களை அடித்து ஒரு குழி பறிக்கும், முட்டையிட்டபின் மேலே கல்லைத் தள்ளி மூடும். கல்லுக்கிடையே நீர் ஓடிக்கொண்டேயிருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. நீலகிரியில் இந்தக் காரியம் பனிக்காலத்தில் நடக்கிறது. அதனால்தான் பெரியவை ஓடைவாயில் கூடுகின்றன.

கொடுவாவின் போக்கு இதற்கு நேர் எதிர்த்திசை. அது கொழுப்பது உள்ளே: கழியில், கால்வாயில், சில சமயம் உப்பே இல்லாத நன்னீரில். முட்டையிடுவதற்கு உப்பு நீர் வேண்டும், ஆயிரத்துக்கு முப்பது பங்கை ஒட்டிய உப்பு. ஆகவே வளர்ந்த மீன் வெளியே, முகத்துவாரத்துக்கு வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இரவு தொடங்கும் நேரத்தில் ஓதம் ஏறும்போது முட்டை விடும். அந்த ஏற்றம் முட்டையையும் குஞ்சையும் உள்ளே, அலையாத்திப் புதர்களுக்கும் சேற்றுத் தாழ்வுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். டிரவுட் மேலே ஏறி முட்டையிடுகிறது, குஞ்சு கீழே இறங்குகிறது. கொடுவா கீழே இறங்கி முட்டையிடுகிறது, குஞ்சு மேலே ஏறுகிறது. வழி ஒன்றுதான், நடப்பதுதான் தலைகீழ். அந்த வழியின் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. மலையில் அது ஓடைவாய், கரையில் அது கழிவாய்.

முட்டைகளையும் பார்த்துவிடலாம். அவலாஞ்சியில் ஒரு தட்டு முட்டையைக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் மாதுளை முத்தைவிடச் சற்றுச் சிறிது, ஆரஞ்சு நிறம். உற்றுப் பார்த்தால் உள்ளே இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தன. அவை கண்கள். அந்த நிலைக்கு வந்த முட்டை கொஞ்சம் அதிர்ச்சியைத் தாங்கும், ஈரப்பாசியில் பொதிந்து பனிக்கட்டியோடு பயணம் அனுப்பலாம். 10 பாகை நீரில் அது பொரிக்க ஒரு மாதம் ஆகும். நீரைக் குளிர வைத்தால் இன்னும் தள்ளிப்போகும். கொடுவா முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணாடி போலத் தெளிவாக நீரில் மிதக்கும். 28 பாகை நீரில் ஒரே நாளுக்குள், பதினேழு பதினெட்டு மணி நேரத்தில் பொரித்துவிடும். டிரவுட் தாய் ஒரு கிலோ உடம்புக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் முட்டை இடுகிறது. பெரிய கொடுவாத் தாய் லட்சக்கணக்கில், பல நேரம் பத்து லட்சத்துக்கு மேல் இடுகிறது.

டிரவுட் உலகம் முழுக்கப் பரவியதற்கும் கொடுவா தன் கடலிலேயே இருந்ததற்கும் இந்த முட்டையின் நிதானம் ஒரு பெரிய காரணம். 1864இல் ‘நார்ஃபோக்’ என்ற கப்பலின் பனிக்கட்டி அறையில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன முட்டைகள் டாஸ்மேனியாவில் பொரித்தன. பூமத்திய ரேகையைத் தாண்டி டிரவுட் உயிரோடு போய்ச் சேர்ந்தது அப்போதுதான். நீலகிரிக்கு முயற்சி அதற்கும் ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து, இந்திய மீன்களைப் பற்றி இன்றும் எடுத்துப் பார்க்கப்படும் பெருநூலை எழுதிய பிரான்சிஸ் டே, 1863இல் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். அதன்பிறகும் தோல்விகள். கடைசியில் சென்னை அரசின் மீன்வளர்ப்பு அதிகாரி எச். சி. வில்சன்தான் காரியத்தை முடித்தார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் எழுந்தது. பழுப்பு டிரவுட் கைவிட்ட இடத்தில், வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் டிரவுட் நிலைபெற்றது. இலங்கையின் நுவரெலியா மலைநீரில் டிரவுட் ஏற்கெனவே வேர்விட்டிருந்ததும் இந்த நம்பிக்கைக்கு ஒரு துணை.

ஒரு மீனுக்காக நாற்பது ஆண்டுக்கு மேல் மனிதர்கள் விடாமல் பாடுபட்டிருக்கிறார்கள். அது அந்நிய மீன், இந்த மலையின் ஓடைகளில் முன்பிருந்த உயிர்களுக்கு அது ஒரு புதிய வேட்டைக்காரன் என்பதையும் மறக்கக்கூடாது. தலைப்பிரட்டையும் நீர்ப்பூச்சியும் அதன் அன்றாட உணவு. ஆனாலும் அந்த விடாப்பிடியில் பாதியை நம் கழிமுகத்து மீனுக்கு யாராவது செலவிட்டார்களா என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

ஒரு இடத்தில் செலவிட்டார்கள், அதைச் சொல்லாமல் போவது நன்றிகெட்டதனம். முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய நிறுவனத்தின் ஆய்வுக்களம் இருக்கிறது. 1987இல் தொடங்கிய அந்த நிறுவனம், பத்தே ஆண்டில், 1997இல், இந்தியாவில் முதன்முறையாகக் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்துக் குஞ்சு எடுத்தது. இன்று குளத்திலும் கூண்டிலும் வளர்த்து விற்கப்படும் கொடுவாவுக்கு அந்தத் தொட்டிகள்தான் தாய்வீடு. அவலாஞ்சிப் பொரிப்பகத்தையும் முட்டுக்காட்டுத் தொட்டியையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெரியும். அவலாஞ்சியின் குஞ்சு பெரும்பாலும் மலைநீரில் விடுவதற்கு, முட்டுக்காட்டின் குஞ்சு பெரும்பாலும் பண்ணைக்கு. காட்டு மீனுக்காக நடந்த வேலை மலையில்தான் அதிகம்.

பிடிக்கும் கைகளைப் பற்றி. மலையில் டிரவுட்டுக்கு நீளமான வளையும் கம்பு, உருளை, இறகையும் நூலையும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சி. குளிரில் மீனின் உடம்பு மந்தமாகிவிடும். வேகமாக ஓடும் இரையை அது துரத்தாது. ஆகவே பொய்ப்பூச்சியை ஆழத்தில், மிக மெதுவாக, அதன் வாயருகே கொண்டுபோக வேண்டும். ஓடையில் பனிக்கால டிரவுட் ஓட்டத்தை விட்டுவிட்டு ஆழமான, அசையாத மடுவில் ஒதுங்கிவிடும். அதைத் தேடுகிறவர் விடியற்காலையில் போய் நடுங்கத் தேவையில்லை. வெயில் ஏறி நீர் ஓரிரு பாகை சூடாகும் நடுப்பகல்தான் நல்ல நேரம். கழிமுகத்தில் கடிகாரம் வேறு. இங்கே அந்தியும் விடியலும், அதோடு ஓதம் திரும்பும் தறுவாயும் சேர வேண்டும். கலங்கிய நீரில் கொடுவாவின் கண்ணுக்கு இருட்டு ஒரு பொருட்டே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் எரியும் அந்தக் கண்ணின் பின்னால், கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் திருப்பியனுப்பி இரண்டு தடவை பயன்படுத்தும் ஒரு படலம் இருக்கிறது.

இன்னொரு கை உண்டு, அதற்குத் தூண்டில்கூட வேண்டாம். செங்கல்பட்டுக் கழிகளில் இருளர் பெண்கள் வரிசையாக நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். எந்த மூலையில் நீர் குளிர்ந்திருக்கிறது, எங்கே மணல் ஏறியிருக்கிறது, எந்த வாரம் உப்பு திரும்பியது என்பதெல்லாம் அவர்களுடைய விரல் நுனியில் இருக்கும். டிரவுட் பிடிப்பவருக்கு எழுதிவைத்த நூல்கள் ஒரு நூலகமே உண்டு. நம் ஊரிலும் அந்த மாதிரி எழுத ஒருவர் இருந்தார். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு நூலும், 1887இல் குறிப்பாக ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றி இன்னொரு நூலும் எழுதினார். ஏரியின் மீனுக்குத் தனிப்புத்தகம் எழுதத் தோன்றியதே பெரிது. இருளர் பெண்களின் விரல் நுனியில் இருப்பதை இன்றைக்காவது யாராவது உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும்.

சாப்பாட்டு இலையில் இரண்டுக்கும் பெரிய போட்டி இல்லை. டிரவுட்டின் தசை மென்மை, மிளகும் உப்பும் போதும். கொடுவாத் துண்டு மாங்காய் போட்ட குழம்பில் ஒரு நாள் ஊறினாலும் உடையாது. என் நாக்கு கடற்கரை நாக்கு, தீர்ப்பு அதன்படியே.

இனிப் பெரிய மீனுக்கு வருகிறேன். பெரிய டிரவுட் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். பெரிய கொடுவாவில் அந்த ஐயமே இல்லை, அது கிட்டத்தட்ட எப்போதும் பெண். கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்கிறது. மூன்று நான்கு வயதில் ஆணாக இனப்பெருக்கத்தில் கலந்துகொள்கிறது. பிறகு ஆறு ஏழு வயதுவாக்கில், ஒரு மீட்டர் நீளத்தை நெருங்கும்போது பெண்ணாக மாறுகிறது. ஒரு கழியில் இருக்கும் பத்துக் கிலோ மீன்களை எல்லாம் பிடித்துவிட்டால் அங்கே மிஞ்சுவது ஆண்கள் மட்டும்தான். அவற்றில் ஒன்று பெண்ணாக இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டும். அன்று பெரியவர் தூக்கிய ஆறு கிலோ மீன் அந்த மாற்றத்தின் வாசலில் நின்றது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

இதே கொடுவாவை ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்கிறார்கள். குயின்ஸ்லாந்தில் அதற்கு இரண்டு அளவுக்கோடுகள் உண்டு. 58 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் விட்டுவிட வேண்டும். 120 சென்டிமீட்டருக்கு மேலே இருந்தாலும் விட்டுவிட வேண்டும். கீழ்க்கோடு குஞ்சுக்காக, மேல்கோடு தாய்க்காக. அதோடு கிழக்குக் கரையில் நவம்பர் தொடங்கி பிப்ரவரி தொடக்கம் வரை, அவர்களுடைய மழைக்காலத்தில், அதைப் பிடிக்கவே கூடாது. சிறியதை விடச் சொல்லும் விதி எங்கும் கேள்விப்படுவதுதான். பெரியதை விடச் சொல்லும் விதியில்தான் அந்த மீனின் வாழ்க்கையைப் படித்தறிந்தவர்களின் கை தெரிகிறது.

நம் பக்கம் திரும்பினால் ஒரு வரலாறு உறுத்துகிறது. 1879இல் சென்னை மாகாணம் நீலகிரிக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. வேட்டை விலங்குகளையும், வெளியிலிருந்து கொண்டுவந்து இந்த மண்ணுக்குப் பழக்கிய மீன்களையும் காப்பதற்கான சட்டம் அது. பிடிக்கக் கூடாத காலத்தை அறிவிக்க அதில் இடமிருந்தது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பதற்கு இருபத்தெட்டு ஆண்டு முன்பே, வரப்போகும் விருந்தாளிக்குப் பாய் விரித்து வைத்துவிட்டார்கள். அந்தச் சட்டம் நீலகிரி ஜில்லாவோடு நின்றது. அதே மாகாணத்தின் செங்கல்பட்டு ஜில்லாவில், கோட்டையிலிருந்து ஒரு நாள் பயணத்தில் இருந்த கழிமுகத்து மீன் விருந்தாளி இல்லை, வீட்டு மனுஷி. வீட்டு மனுஷிக்கு யார் பாய் விரிக்கிறார்கள்? 1897இல் வந்த இந்திய மீன்வளச் சட்டம் வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதைத் தடுத்தது, அது நல்ல காரியம். இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, அதுவும் நல்ல காரியம். ஆனால் அந்தத் தடை கோடைக்கும் ஆழ்கடலுக்கும் உரியது. மழை வெள்ளம் வடியும் நாளில் கழிவாயில் நிற்கும் தாய்மீனை அது தொடுவதில்லை.

நான் குறை சொல்வது ஒற்றை நரம்போடு முழங்கால் தண்ணீரில் நிற்கும் பெரியவரை அல்ல. ஓர் அந்தியில் ஒரு மீன் பிடிப்பவரால் எந்தக் கழியும் வறண்டதில்லை. முகத்துவாரத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மறித்துக் கட்டும் வலை வேறு விஷயம். அது வாசலில் நிற்பதையும் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒன்றாக வாரிவிடும்.

அதைவிடப் பெரிய மறிப்பு மணல். இந்தக் கரையில் கோடையிலும் தென்மேற்குக் காற்றுக் காலத்திலும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. மழை வெள்ளம் வலுவாக வந்தால் முகத்துவாரத்தை அது அறுத்துத் திறந்து வைக்கும். வெள்ளம் குறைந்தால் மணல் மேடிட்டு அடைத்துவிடும். முட்டுக்காடு முகமும் பாலாற்று முகமும் இப்படி மூடுவதையும் திறப்பதையும் இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாலாற்றில் மணலையும் நீரையும் எடுத்து எடுத்து, முகத்தைத் திறக்கும் வலுவையே நாம் குறைத்துவிட்டோம். மலையில் டிரவுட்டுக்கு நேர்வதும் இதுதான். குந்தா மின்திட்டத்தின் அணைகள் அதற்குக் கொழுக்க ஏரி கொடுத்தன, சில இடங்களில் ஏறிப்போகும் ஓடையை அறுத்தும்விட்டன. கூழாங்கல்லின் மேல் தோட்டத்து மண் கரைந்து வந்து படிந்தால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். அங்கே மண், இங்கே மணல்.

2013இல் நியூசிலாந்தின் ஓஹாவ் கால்வாயில் 19 கிலோவைத் தாண்டிய ஒரு பழுப்பு டிரவுட் பிடிபட்டது. மனிதன் மின்சாரத்துக்காக வெட்டிய கால்வாய் அது. அங்கே உள்ள சால்மன் பண்ணைகளிலிருந்து சிதறும் தீனியைத் தின்று டிரவுட் அப்படிக் கொழுக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் நம் பக்கிங்காம் கால்வாய் நினைவுக்கு வந்தது. மனிதன் வெட்டியதுதான் அதுவும். மாமல்லபுரத்தின் முதுகுப்புறமாக, கழிகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போகிறது. வெட்டப்பட்டது படகுக்காக என்றாலும் நூறாண்டுக்கு மேலாகக் கொடுவாக் குஞ்சுகளுக்கு அது நடைபாதையாக இருந்திருக்கிறது. சென்னைக்கு நெருங்க நெருங்க அதில் கழிவும் ஆகாயத்தாமரையும்தான் கொழுக்கின்றன. தெற்கே, மாமல்லபுரத்தைத் தாண்டிய பகுதியில் இன்னும் உயிர் இருக்கிறது. கெடுவதற்கு முன் காப்பாற்ற வாய்ப்புள்ள துண்டு அதுதான்.

பிடித்த பெரிய மீனை விடலாம் என்று யோசிப்பவருக்கு இரண்டு மீனின் நீரும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லித்தரும். 10 பாகைக் குளிர்ந்த நன்னீர் ஒரு லிட்டரில் 11 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜனைத் தாங்கும். 28 பாகையில் அது 8 மில்லிகிராமுக்கும் கீழே போய்விடும், உப்பு கலந்தால் இன்னும் குறையும். பனிக்கால டிரவுட் போராடிக் களைத்தாலும் குளிர்நீரில் சீக்கிரம் மூச்சு தேறிவிடும். கொடுவாவை மணலில் கிடத்திப் படம் எடுத்து, எடை போட்டு, பிறகு விட்டால் அது பிழைப்பது சந்தேகம். நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, ஓட்டத்தை நோக்கித் தலையைப் பிடித்து, அதுவாக வாலை அடிக்கும்வரை நிற்க வேண்டும். ஒரு மீட்டர் மீனுக்கு அது இரண்டு மூன்று நிமிடம்.

அப்படி விடுவதை நான் ஒரே ஒரு முறைதான் கண்ணால் பார்த்தேன். விட்டவர் தொழில்காரர் இல்லை, விடுமுறைக்கு வந்த இளைஞர். மீனவர் வீட்டு அடுப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்த மீன் காசாகும்போது விடுங்கள் என்று வெறும் கையோடு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆழ்கடல் தடைக்காலத்துக்கு நிவாரணம் தரும் அரசு, ஐப்பசி தொடங்கித் தை வரை கழிமுகத்தில் ஒரு மீட்டரைத் தாண்டிய கொடுவாவை விட்டுவிடும் ஊர்களுக்கும் ஈடு தரலாம். எந்த ஊர் எந்த முகத்துக்குப் பொறுப்பு என்பதை மீனவப் பஞ்சாயத்துகள் தாங்களே முடிவு செய்யும். அவர்களுக்கு அந்தப் பழக்கம் புதிதல்ல.

வாங்குகிற நமக்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. கார்த்திகையிலும் மார்கழியிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் வாங்க வண்டியை நிறுத்தும்போது ஐஸின் மேல் ஆள் நீளத்தில் பாதி கிடக்கும் கொடுவாவைக் கேட்காதீர்கள், அது தாய். இரண்டு மூன்று கிலோ மீனைக் கேளுங்கள், இல்லையென்றால் பண்ணை மீனை வாங்குங்கள். பெரியதற்குக் கிராக்கி குறைந்தால், கழிவாயில் மறித்துக் கட்டும் வலைக்கும் வேலை குறையும்.